நீறு, சாம்பல், அஸ்தி

1

கொடுமுடியில் மகுடேசுவரர் கோயிலை ஒட்டிக் காவிரிக்கு இறங்கும் படிகளில் காலைவேளையில் அரைமணி நேரம் நின்றால் போதும், ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும். அஸ்தி. 'அஸ்தி கரைக்க வந்தோமுங்க', 'அஸ்தி எந்தப் பக்கம் கரைக்கறதுங்க', 'அஸ்தி கரைச்சாச்சுங்களா'. காங்கேயத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் சென்னிமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள், துணியால் வாய் கட்டிய சட்டியைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். சட்டிக்குள் என்ன என்று கேட்டால் சாம்பல் என்பார்கள். சாம்பலுக்கு மரியாதையான பெயர் அஸ்தி என்பது அவர்கள் எண்ணம். நம்மில் பலருடைய எண்ணமும் அதுதான்.

அஸ்தி என்றால் சாம்பல் அல்ல. எலும்பு. வடமொழியில் அதற்குச் சாம்பல் என்ற பொருள் இல்லை. கிரேக்கத்தில் எலும்பைக் குறிக்கும் ஒஸ்தெயொன் என்ற சொல்லும், லத்தீனில் ஒஸ் என்பதும் இதே குடும்பம். ஆக, கொடுமுடிப் படித்துறையில் நின்றுகொண்டு ஹோமருக்குத் தெரிந்த ஒரு சொல்லின் உறவுக்காரச் சொல்லை நாம் தினமும் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். அதன் பொருளைத்தான் மாற்றிவிட்டோம்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் அப்பாருடைய சட்டியை நான் இங்கே கொண்டுவந்தேன். எல்லாம் முடித்து வீடு திரும்பியபோது வாசலில் உட்கார்ந்திருந்த ஆத்தா கேட்டது, 'எலும்ப ஆத்துல உட்டாச்சா?' என்றுதான். அந்தச் சொல் அன்று எனக்கு முரட்டுத்தனமாகப் பட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதரைப் பற்றி இப்படியா கேட்பது என்று மனசுக்குள் கசந்துகொண்டேன். சடங்கு செய்தவர் 'அஸ்தி' என்றபோது இல்லாத கூச்சம் ஆத்தா 'எலும்பு' என்றபோது வந்தது. இரண்டும் ஒரே சொல் என்பது பிற்பாடு அகராதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படிக்காத அவளுடைய மொழிபெயர்ப்பு பிசகாமல் இருந்தது. படித்த நான்தான் ஒரு திரையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதன் பின்னால் நின்றிருந்தேன்.

இந்தத் திரை எப்படி வந்தது, அதற்குப் பின்னால் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று தேடிப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை. சொல்லாராய்ச்சி என்று இதற்குப் பெரிய பெயர் கொடுக்க வேண்டாம். கவிதை எழுதுகிறவர்கள் அன்றாடம் கையாளும் ஒரு பொருளுக்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது, ஒவ்வொன்றின் இலக்கணமும் நம்மை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

2

முதலில் சாம்பல். இது ஒரு தொழிற்பெயர். சாம்பு என்பது வினை. வாடுதல், ஒடுங்குதல், ஒளி மழுங்குதல் என்று அதற்குப் பொருள். அதோடு 'அல்' விகுதி சேர்ந்தால் சாம்பல். வாடல், கூடல், பாடல் மாதிரி. வாடுகிற செயலுக்கு ஏற்பட்ட பெயர், வாடி முடிந்த பொருளுக்கு ஆகிவந்தது. தமிழ்ப் பேரகராதியில் சாம்பலுக்கு எரிந்து மிஞ்சியது என்ற பொருளோடு வாடிய பூ என்ற பொருளும் உண்டு. இதைப் பார்த்தபோது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. அடுப்பில் கிடப்பதும் கூந்தலில் நேற்று வைத்து இன்று எடுத்தெறிந்த பூவும் ஒரே பெயருக்கு உரியவை.

தமிழில் இந்த 'ம்பு' ஓசையோடு முடியும் வினைகள் ஒரு கூட்டமாகவே இருக்கின்றன. கூம்பு, தேம்பு, சூம்பு, வெம்பு, சாம்பு. எல்லாம் சுருங்குதலையும் வாடுதலையும் சொல்பவை. உதடு மூடி ஒலிக்கும் சொற்கள். இந்தக் கூட்டத்தில் சாம்பு மட்டும் நெருப்பின் பக்கம் ஒதுங்கிக்கொண்டது. சாம்பலில் காது கேட்கிற 'சா' வேறு அதற்குக் கனம் சேர்த்துவிட்டது.

முக்கியமான விஷயம் இதன் தன்வினைத் தன்மை. பூ வாடுவது தானாக நடப்பது. யாரும் அதை வாட்டவில்லை, பொழுது போயிற்று, வாடிற்று. எரிந்ததன் மிச்சத்துக்குச் சாம்பல் என்று பெயர் வைத்த மனம், தீயைப் பார்க்கவில்லை. தீ அணைந்து நிறம் மங்கிக் கிடப்பதைப் பார்த்தது. எரித்தவனையும் பார்க்கவில்லை. எரிந்ததையே கூடப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சொல்லுக்குள் நெருப்பே கிடையாது.

நீறு வேறு மாதிரி. அது வினையாகவும் இருக்கிறது, பெயராகவும் இருக்கிறது. நீறுதல் என்றால் வெந்து பொடியாதல். விகுதி எதுவும் இல்லாமல் முதனிலையே பெயராக நிற்கும்போது அது நீறு. இந்த வினைக்கு ஒரு ஜோடி உண்டு. நீறு தன்வினை, நீற்று பிறவினை. மாறு, மாற்று. ஏறு, ஏற்று. ஆறு, ஆற்று. அதே வாய்பாடு. நீறுவது ஒன்று என்றால் நீற்றுகிறவன் ஒருவன் இருக்கிறான். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் வேகவைத்துத் தண்ணீர் தெளித்துப் பூத்து உதிரச் செய்வதைச் சுண்ணாம்பு நீற்றுதல் என்கிறோம். நீற்றிய சுண்ணாம்பு என்ற சொல் பள்ளிக்கூட ரசாயனப் பாடப் புத்தகம் வரைக்கும் வந்திருக்கிறது. வெற்றிலை போடுகிற கிழவிக்கும் தெரியும்.

இன்னொன்று. பெயராக நிற்கும் நீறு வேற்றுமை ஏற்கும்போது றகரம் இரட்டிக்கிறது. நீற்றை, நீற்றால், நீற்றில். நன்னூல் சொல்லும் பழைய விதிதான், சோறு சோற்றை என்பது போல. இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. வேற்றுமை உருபை வாங்கிக்கொள்ளும் பெயரின் வடிவமும், எரிக்கிறவனைச் சொல்லும் பிறவினையின் வடிவமும் ஒன்றாகிவிடுகின்றன. 'நீற்றறை' என்று சொன்னால் அது நீறு கிடக்கும் அறையா, நீற்றும் அறையா? அப்பரைப் பல்லவன் ஏழு நாள் அடைத்துவைத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் இடம் நீற்றறைதான், சுண்ணாம்புக் காளவாய். உள்ளே போட்ட கை அந்தச் சொல்லில் பாதி தெரிகிறது.

நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோம். நீறு பூக்கிறது. சாம்பல் வாடிய பூ. ஒரே பொருளை ஒரு சொல் பூப்பது என்று பார்த்திருக்கிறது, இன்னொரு சொல் வாடுவது என்று பார்த்திருக்கிறது. நீற்றுக்குக் கீழே கங்கு இருக்கலாம் என்ற எச்சரிக்கை நீறு என்ற சொல்லோடு வருகிறது. சாம்பலோடு அது வருவதில்லை. இரண்டையும் ஒன்றின் இடத்தில் ஒன்றாகப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

3

கிரேக்கத்தில் இந்தப் பொருளுக்கு மூன்று சொற்கள் எனக்குத் தெரிகின்றன. மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன.

தெஃப்ரா என்பது ஒன்று. எரிதல் என்ற பொருளுடைய மிகப் பழைய வேரிலிருந்து வந்தது. அதே வேர் வடமொழியில் தஹ் என்று இருக்கிறது. தகனம், தகித்தல் எல்லாம் அதன் வழி. நகராட்சிப் பலகையில் 'தகன மேடை' என்று எழுதியிருப்பதற்கும் ஹோமரின் தெஃப்ராவுக்கும் வேர் ஒன்று. நாம் எரிக்கிற செயலுக்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் எரிந்து மிஞ்சியதற்கு வைத்துக்கொண்டார்கள். ஐஸ்லாந்துக்காரரான தோராரின்சன் என்ற எரிமலை ஆய்வாளர் 1944இல் எரிமலை வானில் உமிழும் துகள் அனைத்துக்கும் இந்தச் சொல்லையே பெயராக்கினார். இன்று புவியியல் புத்தகங்களில் அது அந்தப் பொருளில்தான் வாழ்கிறது.

இரண்டாவது ஸ்பொதொஸ். இலக்கணத்தில் ஒரு முரண்டு பிடித்த சொல். கிரேக்கப் பெயர்களுக்குப் பால் உண்டு. 'ஒஸ்' என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். இது அந்த உடையைப் போட்டுக்கொண்டு பெண்பாலாக நிற்கிறது. இதன் வேர் இதுதான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்ட முடிவு எதுவும் இல்லை. கிரேக்கர் அந்த நிலத்துக்கு வருவதற்கு முன்பு அங்கே இருந்தவர்களின் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறவர்களும் உண்டு. ஒடிஸியில் ஒற்றைக்கண் அரக்கனைக் குருடாக்கும் கழியை ஒடிஸியஸ் பழுக்கவைப்பது இந்த ஸ்பொதொஸுக்கு அடியில்தான். அதே காவியத்தில் இன்னொரு இடம். கரை ஒதுங்கிய ஒடிஸியஸ் சருகுகளைத் தன்மேல் குவித்துக்கொண்டு தூங்குகிறான். அக்கம்பக்கம் இல்லாத ஒதுக்குப்புறத் தோட்டத்துக் குடியானவன், நெருப்பின் விதை அழிந்துபோகாமல் கொள்ளிக்கட்டையைச் சாம்பலுக்குள் புதைத்துவைப்பதை அதற்கு உவமையாகச் சொல்கிறான் ஹோமர். தீக்குச்சி வருவதற்கு முந்திய கொங்குநாட்டுத் தோட்டத்துச் சாளைக்குள் இந்த உவமை அப்படியே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். விதை என்றே சொல்கிறான். எங்கள் பக்கம் அவரை விதையையும் துவரை விதையையும் வண்டு விழாமல் சாம்பலில் புரட்டித்தான் வைப்பார்கள்.

மூன்றாவது இன்றைய கிரேக்கர் பேச்சில் வழங்கும் ஸ்தாக்தி. இது பிறந்த விதம் சுவாரஸ்யமானது. ஸ்தக்தே என்பது 'சொட்டியது' என்ற பொருளுடைய பெயரடை. கொனியா என்பது தூசியையும் சாம்பல் காரத்தையும் குறிக்கும் பெயர். சாம்பலில் தண்ணீர் விட்டுச் சொட்டுச் சொட்டாக வடித்து எடுத்த காரநீரை 'சொட்டிய கொனியா' என்றார்கள். துணி வெளுக்க, பாத்திரம் துலக்க. நாளடைவில் பெயர் விழுந்துவிட்டது. பெயரடை தனியாக நின்று பெயரானது. காரநீருக்கு ஏற்பட்டது சாம்பலுக்கே ஆகிவந்தது. அதாவது இன்றைய கிரேக்கக் கிழவி அடுப்புச் சாம்பலைச் சுட்டும்போது, இலக்கணப்படி 'சொட்டியவள்' என்கிறாள். வண்ணான் துறையிலும் பாத்திரம் துலக்குகிற முற்றத்திலும் பிறந்த சொல் இது. புளியும் சாம்பலும் போட்டு ஆத்தா பித்தளைக் குடம் துலக்கியது எனக்கு நினைவில் இருக்கிறது. அந்தச் சாம்பலுக்கு அவளிடம் வேறு பெயர் கிடையாது, சாம்பல்தான். நெற்றிக்கு எடுப்பது துண்ணூறு. ஆற்றுக்குப் போவது எலும்பு. மூன்றையும் அவள் ஒருபோதும் குழப்பியதில்லை.

இவற்றோடு வடமொழி பஸ்மத்தையும் வைத்துப் பார்க்கலாம். மெல்லுதல், தின்னுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது அது. தின்னப்பட்டது பஸ்மம். தின்றது தீ. நம் பத்திரிகைகள் எழுதும் 'தீக்கிரையாயின' என்பதிலும் இதே பார்வைதான். விபூதி இதிலெல்லாம் சேராது. பெருக்கம், ஆற்றல், வெளிப்பாடு என்பது அதன் பொருள். அதில் நெருப்பும் இல்லை, பொடியும் இல்லை.

எரிந்தது, சொட்டியது, தின்னப்பட்டது, நீறியது, வாடியது. ஒரே பிடிச் சாம்பலைச் சுற்றி நின்று ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு கணத்தைப் பார்த்திருக்கிறது.

4

கொங்கு நாட்டுக்கும் கிரேக்கச் சொற்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொடுமுடிக்குத் தெற்கே காவிரியில் வந்து சேரும் நொய்யலின் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணி கடையும் தொழிற்கூடங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், பெருங்கற்காலக் கல்லறைகளும் அங்கே வெளிப்பட்டன. இந்தப் பகுதியின் பச்சைக்கல்லுக்கு மேற்கே சந்தை இருந்தது. அந்தக் கல்லைக் குறிக்கும் பெரில்லொஸ் என்ற கிரேக்கச் சொல் இந்தியாவிலிருந்து போனது. தென்னாட்டுச் சொல்லே அதன் மூலம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கல்லோடு கல்லின் பெயரும் கப்பல் ஏறிற்று.

ஆனால் கொடுமணல் கல்லறைகள் சொல்வது வேறு கதை. அங்கே இறந்தவர்களுக்குக் கற்பலகைகளால் அறை அமைத்திருக்கிறார்கள். இறந்தவர்களைச் சுடுவது, வெறுமனே போட்டுவிடுவது, குழியில் இடுவது, தாழ்ந்த கல்லறையில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து வழக்கங்களை மணிமேகலை சேர்த்துச் சொல்கிறது. ஒரே சுடுகாட்டைச் சுற்றி ஐந்தும் நடக்கின்றன. சாம்பலாவது மட்டுமே இந்நாட்டில் மனிதனின் முடிவாக எப்போதும் இருந்ததில்லை. எரித்தவர்களும் எலும்பைத்தான் தேடி எடுத்தார்கள். இன்றும் சடங்கின் பெயர் எலும்பு பொறுக்குதல்தான், சாம்பல் அள்ளுதல் அல்ல.

கிரேக்கரும் அப்படித்தான். இலியத்தில் பத்ரோக்ளஸின் சிதையை மதுவூற்றி அணைக்கிறார்கள். சாம்பல் ஆழமாகப் படிந்து கிடக்கிறது. அதற்கு ஹோமர் தெஃப்ரா என்கிறான். அந்தத் தெஃப்ராவை அப்படியே விட்டுவிட்டு வெள்ளை எலும்புகளை மட்டும் அழுதுகொண்டே பொறுக்கிப் பொற்கலத்தில் இடுகிறார்கள். சாம்பல் விறகுடையது, எலும்பு மனிதனுடையது என்ற பேதம் அங்கே துல்லியமாக இருக்கிறது. ரசாயனமும் இதையே சொல்லும். விறகுச் சாம்பலில் காரமும் சுண்ணாம்பு உப்புகளும் இருக்கும். மனிதனிடமிருந்து மிஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட். எரிவாயு மேடையில் விறகே கிடையாது. அங்கே சட்டியில் அள்ளித் தரப்படும் இரண்டு மூன்று கிலோவும் எலும்பேதான். அஸ்தி என்ற சொல் தன்னையறியாமல் தன் பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கிறது.

பிறகு ஏன் நாம் அதைச் சாம்பல் என்று நினைக்கிறோம்? எலும்பு என்ற சொல்லை நம்மால் தாங்க முடியவில்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. 1964இல் நேரு இறந்தபோது, அவர் உயிலில் கேட்டுக்கொண்டபடி ஒரு பிடியைக் கங்கையில் விட்டு, பெரும்பகுதியை விமானத்திலிருந்து வயல்களின் மேல் தூவினார்கள். தமிழில் அதுவும் அஸ்திதான். எலும்பை யாரும் வயல்மேல் தூவுவதாக மனசில் காண்பதில்லை. கிரேக்கன் நம்மிடம் ரத்தினத்துக்குப் பெயர் வாங்கிக்கொண்டு போனான். நாம் நம் செத்தவர்களுக்குப் பெயர் கடன் வாங்கினோம், சொந்தச் சொல் கண்ணெதிரே இருந்தும், அதைப் பார்க்காமல் இருப்பதற்காக.

நீறு இந்த இடத்தில் உதவிக்கு வரவில்லை. அதைச் சைவம் முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டது. மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்க்கச் சம்பந்தர் பாடியதாகச் சொல்லும் பதிகத்துக்குப் பெயரே திருநீற்றுப் பதிகம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் கொடுமுடி. அங்கே கோயிலுக்குள் நீறு, ஆற்றங்கரையில் அஸ்தி. நடுவில் சில படிகள். சுடுகாட்டுப் பொடி பூசியவன் என்று சிவனைச் சொல்லிக்கொண்டே, நெற்றிக்குப் பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்துக்கொண்டோம். கற்பம், அனுகற்பம், உபகற்பம், அகற்பம் என்று அதற்கு நான்கு வகையும் ஏற்பட்டது. நீறு சுடுகாட்டை விட்டு வெளியேறிவிட்டது. கத்தோலிக்கரும் தவக்காலத்தின் முதல் நாளைத் திருநீற்றுப் புதன் என்றும் விபூதிப் புதன் என்றும் சொல்வார்கள். சீர்திருத்தச் சபையாருக்கு அது சாம்பல் புதன். ஒரே நெற்றி, ஒரே பொடி. எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் ஒரு சரித்திரமே நடந்திருக்கிறது.

இதே கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. அதற்குப் பிறகு வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைந்த நீறுமாகத்தான் ஊர் அவரைப் பார்த்தது. குங்குமம் அழிந்த இடத்தில் நீறு. கைம்மையின் அடையாளமாக விதிக்கப்பட்டதையே அவர் ஒரு கம்பீரமாக அணிந்துகொண்டார். அவருக்கு அமைந்த முதல் படம் 1935இல் வந்த பக்த நந்தனார். நந்தனாராகவே அவர் நடித்தார்.

5

நந்தனார் கதையில் ஒரு தீ இருக்கிறது. சேக்கிழார் சொல்வதில், தில்லை அந்தணர்கள் இறைவன் கனவில் இட்ட கட்டளைப்படி தீ வளர்க்கிறார்கள். நந்தனார் அதில் புகுந்து மறையவர் கோலத்தோடு வெளியே வருகிறார். பிறகு சபையில் மறைந்துவிடுகிறார். அந்தத் தீயில் சாம்பல் இல்லை. பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். சாம்பல் எங்கே? கேள்வியின் குறி சாம்பல் அல்ல, எரித்தவர்கள். சாம்பல் இல்லை என்று ஆகிவிட்டால் எரித்தவர்கள் என்று யாரும் இல்லை.

இங்கேதான் இலக்கணம் வெறும் இலக்கணமாக இல்லாமல் போகிறது. 'குடிசை சாம்பலாயிற்று' என்பது ஒரு முழு வாக்கியம். எழுவாய் குடிசை. பயனிலை தன்வினை. தமிழில் இதைவிட இயல்பான வாக்கியம் கிடையாது. கேட்கிறவன் 'யாரால்?' என்று கேட்கத் தோன்றாமலே தாண்டிப் போகலாம், பூ வாடிற்று என்பதைத் தாண்டிப் போவது போல. 'தீக்கிரையாயிற்று' என்றால் தீ குற்றவாளி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளிகளின் குடும்பங்கள். நிலவுடைமையாளர்களுக்குக் கீழ்நீதிமன்றம் விதித்த தண்டனையை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு மிஞ்சியது எது என்று பார்த்தால், எழுவாய் இல்லாத அந்த வாக்கியம்தான். சாம்பலானார்கள்.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அதைப் பற்றி எழுதும்போதும் நம் கை முதலில் தேடிப்போவது அதே சொல்லைத்தான். நூல்கள் சாம்பலாயின. ஆயின என்ற வினையின் மென்மையைப் பாருங்கள். எரித்தவர்கள் போலீஸ்காரர்களும் அவர்களோடு வந்த கும்பலும். வாக்கியத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.

எஸ்கிலஸ் என்ற கிரேக்க நாடகாசிரியனின் அகமெம்னான் கி.மு. 458இல் மேடையேறியது. டிராய்க்குப் போன ஆண்களுக்குப் பதிலாக வீடுகளுக்கு வந்து சேர்வது கலசமும் ஸ்பொதொஸும்தான் என்று அதில் முதியவர்களின் குழு சொல்லும் கட்டம் ஒன்று இருக்கிறது. போர்த்தெய்வத்தை அங்கே பிணங்களை நாணயம் மாற்றும் வியாபாரியாக்கிவிடுகிறான். ஆளைக் கொடுத்தால் பொடியைத் திருப்பித் தருபவன். முக்கியம் அதற்கு அடுத்தது. வீடுகளில் அழுகிறவர்கள் அழுதபடியே, இன்னொருவன் மனைவிக்காக இது நடந்தது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பு அரச குடும்பத்தின் பக்கம் திரும்புகிறது. சாம்பல் வந்ததும் எழுவாயைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தச் சாம்பலுக்கு எடை இருப்பது அதனால்தான்.

தமிழில் இப்படிச் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. நீற்று என்ற பிறவினை கையில் இருக்கிறது. 'நீற்றினார்கள்' என்று ஒருவன் எழுதினால் எரித்தவன் வாக்கியத்துக்குள் வந்து நிற்பான். இல்லை, 'எரித்தார்கள்' என்று தெருவில் சொல்வதையே எழுதலாம். சொல் இல்லாத குறை இல்லை. சாம்பல் என்ற சொல்லின் சௌகரியம்தான் குறை.

6

பீனிக்ஸைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. புதுக்கவிதையில் அந்தப் பறவை சலிக்கிற அளவுக்குப் பறந்துவிட்டது. சாம்பலிலிருந்து எழுவோம் என்று எழுதாதவர்கள் குறைவு. நானும் எழுதியிருக்கிறேன். எரிந்தால்தான் எழ முடியும் என்ற ஒரு தத்துவமும் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. எரித்தவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?

ஹெரோடோட்டஸிடம் போய்ப் பார்த்தால் வேறு கதை இருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அவர் சொல்லும் பீனிக்ஸ் எரிவதில்லை. அங்கே தீயும் இல்லை, சாம்பலும் இல்லை. தந்தை இறந்ததும் அந்தப் பறவை வெள்ளைப்போளப் பிசினை முட்டையாக உருட்டுகிறது. தன்னால் தூக்க முடிகிறதா என்று பழகிப் பார்க்கிறது. பிறகு அதைக் குடைந்து தந்தையை உள்ளே வைத்துப் பூசி அடைத்து, அரேபியாவிலிருந்து எகிப்தில் உள்ள சூரியன் கோயிலுக்குச் சுமந்துகொண்டு போகிறது. அவ்வளவுதான். தனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றும் ஹெரோடோட்டஸ் சொல்லிவிடுகிறார். பின்னால் ரோமானியரான பிளினி, இறந்த பறவையின் எலும்பிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் முதலில் ஒரு புழு தோன்றிப் பறவையாகிறது என்று எழுதுகிறார். அங்கும் எலும்பு. தீயும் சாம்பலும் ரோமானியர் காலத்தில் கதைக்குள் வந்து ஒட்டிக்கொண்டவை.

மிகப் பழைய பீனிக்ஸ், ஆக, உயிர்த்தெழுகிற பறவை அல்ல. அப்பனைச் சுமக்கிற பறவை. சுமை தூக்க முடியுமா என்று முன்கூட்டியே பழகிப் பார்க்கிற பறவை. கொடுமுடிப் பேருந்தில் மடியில் சட்டியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் மேல் பட்டுவிடாமல் கையால் அணைத்தபடி வருகிறவனுக்கு இந்தப் பறவை அந்நியமில்லை. நம் கவிதைக்கு இந்தப் பறவை ஏன் கிடைக்கவில்லை என்று யோசிக்கிறேன். ஆங்கிலம் வழியாக வந்த பறவையை அப்படியே பறக்கவிட்டோம். படிமத்தைக் கடன் வாங்குவதில் தப்பில்லை. கடன் வாங்கியதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

7

எரித்த மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்து ஆற்றுவதற்குக் காடாற்று என்று பெயர், பேச்சில் காடாத்து. ஆறு, ஆற்று. நீறு, நீற்று. ஒரே வாய்பாடு என்று முன்பே சொன்னேன். நீற்றியவனே ஆற்றவும் வேண்டும் என்பது அந்தச் சடங்கின் இலக்கணம். எரியூட்டிய கையேதான் மறுநாள் பாலோடு வருகிறது. எலும்பைப் பொறுக்குகிறது. ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. யார் செய்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. செய்தவன் எல்லாக் கட்டத்திலும் எதிரே நிற்கிறான்.

அன்று காவிரியில் தண்ணீர் குறைவு. மேட்டூரில் திறப்பதைப் பொறுத்துத்தான் இங்கே ஆறு. படித்துறையை விட்டு உள்ளே நடந்துபோய் இடுப்பளவு ஆழத்தில் சட்டியைக் கவிழ்க்கச் சொன்னார்கள். பரிசல்காரர் ஒருவர், 'ஆருங்க, அப்பாருங்களா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீரின் மேல் சாம்பல்நிறப் படலம் ஒன்று பரவி, சுழித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரூர்ப் பக்கமாக நகர்ந்து போய்விட்டது. போனது அதுதான். மற்றது காலடியில் இறங்கி மணலில் உட்கார்ந்தது. வெள்ளையாக, சின்னச் சின்னதாக. எனக்கு முன்னால் வந்தவர்கள் விட்டவையும் அங்கேயே கிடந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

ஆத்தாவிடம் அன்று நான் 'அஸ்தி கரைச்சாச்சு' என்றுதான் பதில் சொன்னேன். அவள் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, 'எலும்பு கரையாது சாமி' என்றாள்.